எல்லைத் தெருவில் மூன்று மணி

எல்லைத் தெரு, தெற்குப் பக்கம்,
பெலிகன் முனை.
அக்டோபர் கடைசி ஞாயிறு.

என் அன்புக்கும், அதைவிட அதிகமாக என் பயத்துக்கும் உரிய நோலீன் அக்காவுக்கு,

தம்பி ட்ரெவர் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், கடை நலம், ஐஸ் மெஷின் போன வாரம் கொஞ்சம் இருமியது, இப்போது அதுவும் நலம். அங்கே உன் முழங்காலும் ரெக்ஸ் அத்தானின் காதும் எப்படி இருக்கின்றன என்று எழுது. இதை அத்தானுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. நடுவில் அவர் "என்ன?" என்று கேட்டால் அந்த இடத்தை இரண்டு தடவை படி. உன் தம்பி மார் தட்டிக்கொள்ளும் இடங்கள் இதில் நிறைய இருக்கின்றன, ஒன்றும் வீணாகப் போகக் கூடாது. மேலே முகவரியில் தெற்குப் பக்கம் என்று இருப்பதைப் பார்த்து மூக்குக்கண்ணாடியைத் துடைக்காதே. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், வருகிறேன் அதற்கும்.

முதலில் ஒரு வதந்தியைத் தலையில் தட்டி உட்கார வைக்க வேண்டும். நம் சித்தப்பா மருமகள் ஷர்லி உனக்கு ஃபோன் போட்டு, "ட்ரெவரை அந்த சலூன்காரி கடற்கரையில ஒரு மணி நேரம் வெயில்ல நிக்க வெச்சிட்டா, ஊரே சிரிச்சுது" என்று சொன்னாளாம். நீ உடனே அத்தானிடம் திரும்பி, "நான் அப்பவே சொன்னேனா இல்லையா" என்றாயாம். எப்படித் தெரியும் என்கிறாயா? ஷர்லியே என் கடைக்கு இறால் வாங்க வந்தபோது அதையும் சொன்னாள். அவள் வாய் இரண்டு பக்கமும் திறக்கும் கதவு. அக்கா, ஒரு மணி நேரம் நின்றது உண்மை. ஊர் சிரித்ததும் உண்மை. அவள் நிக்க வெச்சாள் என்பது மட்டும் பச்சைப் பொய். நான்தான் நின்றேன். நானாக நின்றேன். படகுத்துறையில் ஒரு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் விற்க ஆரம்பித்து, இன்று மூன்று ஊருக்கு ஐஸும் தூண்டில் இரையும் அனுப்புகிறேனே, அதில்கூட எனக்கு இவ்வளவு பெருமை இல்லை. ஃபோனில் சொல்லலாம்தான், ஆனால் நீ குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

நீ கல்யாணமாகி மேற்கே பெர்த் நகரத்துக்குப் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோடையில் பகல் நீளட்டும் என்று கடிகாரத்தை ஒரு மணி முன்னால் திருப்பலாமா என்று உங்கள் பக்கத்தில் நாலு தடவை ஓட்டு வைத்து, நாலு தடவையும் வேண்டாம் என்று குத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினீர்கள். எங்கள் பாடு உனக்குப் புரியாது. நம் தெருவின் வடக்குப் பக்கம் குயின்ஸ்லாந்து மாநிலம், நாங்கள் கடிகாரத்தைத் தொட மாட்டோம். தெற்குப் பக்கம் நியூ சவுத் வேல்ஸ். அவர்கள் அக்டோபர் முதல் ஞாயிறு விடிவதற்குள் முள்ளை ஒரு மணி முன்னால் தள்ளிவிட்டு, ஏப்ரலில்தான் திரும்ப இழுப்பார்கள். நடுவில் ஒரு தார் ரோடு, அவ்வளவுதான். கோடை முழுக்க இந்தப் பக்கம் எட்டு என்றால் அந்தப் பக்கம் ஒன்பது. எங்களுடையதை மெது மணி என்போம், அவர்களுடையதை வேக மணி என்போம். கைபேசிக்கே இந்த ஊரில் பைத்தியம் பிடிக்கும். தெருவைக் கடக்கும்போது பாக்கெட்டுக்குள் கட்சி மாறிக்கொண்டே இருக்கும்.

மற்றவர்களுக்கு இது தலைவலி, எனக்கு வியாபாரம். தெற்கத்தி ஆட்கள் அவர்கள் மணிக்கு எழுந்து தூண்டிலோடு வருவார்கள், அவர்களுக்கு விற்று முடித்துக் கையைத் துடைத்தால் நம்மவர்கள் எழுந்து வருவார்கள். ஒரே காலையில் இரண்டு கூட்டம். சாயங்காலம் அவர்கள் கடைகள் மூடினால் எல்லோரும் தெருவைத் தாண்டி என்னிடம்தான் ஓடி வர வேண்டும். வருஷப் பிறப்புக்கு இரண்டு நள்ளிரவு. தெற்கே ஒரு தடவை கத்திக் கட்டிப்பிடித்து, கிளாஸோடு ரோட்டைக் கடந்து வந்து, வடக்கே இன்னொரு தடவை கத்துவார்கள். இரண்டுக்கும் ஐஸ் வேண்டும் அல்லவா? கடிகாரத்தைத் திருப்பினால் வெயில் ஒரு மணி நேரம் கூடி ஜன்னல் திரை வெளுத்துவிடும் என்று நம் பக்கத்துக் கிழவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் எந்தப் பக்கமும் பேச மாட்டேன். இரண்டு பக்கமும் எனக்கு வாடிக்கை.

கிளெனிஸையும் இந்த மணிக் குளறுபடிதான் எனக்குக் கொடுத்தது. என் கடைக்கு நேர் எதிரே தெற்குப் பக்கத்தில் சலூன் வைத்திருக்கிறாள். போன வருஷப் பிறப்பன்று தெற்கத்திப் பன்னிரண்டுக்கு ஊர் வழக்கப்படி கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். வடக்கத்திப் பன்னிரண்டுக்கும் நான் அங்கேயே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "மறுபடியுமா?" என்றாள். "சட்டப்படி இன்னொரு வருஷம் பொறக்குது" என்றேன். சிரித்தாள். ஒரே வருஷத்துக்கு இரண்டு முத்தம் வாங்கியவன், உன் தம்பி.

அவளைப் பற்றி ஷர்லி சொன்னதை விட்டுவிட்டு நான் சொல்வதைக் கேள். தன் கையால் சம்பாதித்தவள். ஐந்து பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறாள், யாரும் அவளை விட்டுப் போனதில்லை. போனவன் ஒருத்தன்தான், அவள் முதல் புருஷன். மீன் பிடிக்கப் போகிறேன் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பியவன் வடக்கே கெர்ன்ஸ் ஊரில் வேறொருத்தி வீட்டில் கரை ஒதுங்கினான். இரையை என் கடையில்தான் வாங்கினான், அது வேறு எனக்கு உறுத்தல். அன்று ராச்சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு அவள் மூன்று நாள் காத்திருந்தாளாம். நான் கல்யாணம் பேசினபோது அவள் போட்ட ஒரே நிபந்தனை இதுதான்: "ட்ரெவ், நான் ஒரு தடவ காத்திருந்து பாத்துட்டேன். இனிமே யாருக்காகவும் நிக்க மாட்டேன். நான் வரும்போது நீ அங்க இருக்கணும். இல்லைன்னா நான் திரும்பிப் போயிடுவேன், அப்புறம் கெஞ்சினாலும் வர மாட்டேன்." சொன்னால் செய்கிறவள். நானும் அப்படித்தான். அதனால் சரி என்றேன்.

இப்போது எங்கள் ஊர் மரியாதையைச் சொல்லியாக வேண்டும், அதில்தான் எல்லாம் கவிழ்ந்தது. நீ இருந்த காலத்தில் இது இவ்வளவு கறாராக இல்லை. எல்லைத் தெருவில் ஒருவரை அழைத்தால் அவர் மணியைத்தான் சொல்ல வேண்டும். தெற்கத்தி ஆளை நான் சாப்பிடக் கூப்பிட்டு ஏழு என்றால், அது அவனுடைய ஏழு. நான் என் ஆறுக்கே இறைச்சியை அடுப்பில் போட்டுவிடுவேன். அவன் என்னைக் கூப்பிட்டு ஏழு என்றால் அது என்னுடைய ஏழு. விருந்தாளி கணக்குப் போடக் கூடாது, கூப்பிட்டவன்தான் போட வேண்டும். இதில் முக்கியமான விஷயம், யாருடைய மணி என்று வாய் திறந்து கேட்கக் கூடாது. கேட்டால் அவன் வெளியூர்க்காரன். எல்லைக்காரன் கேட்க மாட்டான். நான் வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, கிளெனிஸும் கேட்டதில்லை. அதில் எங்கள் இருவருக்கும் ஒரு திமிர் உண்டு.

தேதி அக்டோபர் முதல் ஞாயிறு. கடிகாரம் மாறுகிற அன்றைக்கேவா என்று அத்தான் கேட்பார். அத்தான், மறுநாள் திங்கள் இரண்டு பக்கமும் அரசாங்க விடுமுறை. அவர்களுக்குத் தொழிலாளர் தினம், நமக்கு மன்னர் பிறந்தநாள். கடையையும் சலூனையும் ஒரே நாளில் மூடி வைக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. நீண்ட விடுமுறையில் ஐஸ் கடையை மூடுகிறவன் முட்டாள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அந்தக் கடையை மூடினேன். கிளெனிஸுக்காக மூடினேன். அத்தான் "என்ன?" என்று கேட்டாரா? இரண்டு தடவை படி.

இடம் முனைக்கு அந்தப் பக்கம் உள்ள மணல்திட்டு. கடல் இறங்கினால்தான் அது தெரியும். மத்தியானம் முழுக்கக் காய்ந்து கிடக்கும், தண்ணீர் திரும்ப ஏறுவதற்குள் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று பார்த்து நானே பொறுக்கியது. கடலுக்கு மெது மணியும் கிடையாது, வேக மணியும் கிடையாது. "மூணு மணிக்கு?" என்றேன் நான், அவளுக்கு ஒரு பெட்டி ஐஸ் கொண்டுபோய்க் கொடுத்தபோது. "மூணு மணிக்கு" என்றாள், யாருக்கோ முடி வெட்டிக்கொண்டே. முடிந்தது பேச்சு. எல்லைக்காரர்கள்!

என் கணக்கு இப்படி. நான் அவளை அழைக்கிறேன், ஆகவே அவள் மணி மூன்று. நம் ஆட்கள் எல்லோரிடமும், "பொண்ணு வீட்டு மணிக்கு வந்துடுங்க, மானத்த வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்தை நடத்திவைக்கும் ஹெதர் எல்லையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஊர்க்காரி. ஃபோனில், "எந்த மணிங்க?" என்று வெளியூர்க்காரி போலவே கேட்டாள். சிரித்துக்கொண்டு அவளுக்கும் வேக மணி சொன்னேன். கிளெனிஸின் கணக்கு என்னவாக இருந்தது என்று உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குத்தான் அன்று புரியவில்லை. கல்யாணத்துக்குப் போகிற ஆண்பிள்ளைக்கு மூளையில் இரத்தம் குறைவு.

நான் போய் நின்றேன். புது சூட், புது ஷூ, தலையில் அவள் கையால் வெட்டிய முடி. மணலில் நாற்காலிகளை இரண்டு பக்கமாகப் போட்டு நடுவில் வழி விட்டிருந்தது. இடது பக்கம் நம்மவர்கள், ஷர்லி முதல் வரிசை. வலது பக்கம் ஒரு ஆள் கிடையாது. ஒரு ஆள்! அத்தனை நாற்காலியும் காலி, ஒன்றின்மேல் ஒரு கடற்பறவை மட்டும் பெண் வீட்டார் சார்பில் உட்கார்ந்திருந்தது. மேடைக்குப் பதில் மேஜை, மேஜைமேல் நானே செதுக்கிய ஐஸ் அன்னம். மூன்று நாள் உளி பிடித்துச் செய்தது; கழுத்து மட்டுமே ஒரு முழம். இந்த ஊரில் எந்தக் கல்யாணத்திலும் இல்லாத அன்னம், ஐஸ்காரன் கல்யாணத்தில்தான் இருக்க முடியும்.

என் கடையில் முப்பது வருஷமாக இரை அள்ளிப் போடும் டஸ்டிதான் மாப்பிள்ளைத் தோழன். அன்னத்தைப் பார்த்தான். பிறகு என் காதில், "மாப்ள, உன் அன்னம் வாத்தாயிட்டு வருது" என்றான்.

"வாயை மூடு. பொம்பளைங்கன்னா கொஞ்சம் லேட்டாகும்."

"பொம்பள லேட்டாகலாம்டா. அவ அண்ணன், தம்பி, சலூன்ல இருக்குற அஞ்சு பொண்ணுங்க, எல்லாருமேவா லேட்டாவாங்க? பேசி வெச்சுக்கிட்டு வராம இருக்காங்க மாதிரி தெரியுது."

"ஃபோன் பண்ணிப் பாக்கிறதுதானே?" என்று ஷர்லி முதல் வரிசையிலிருந்து கத்தினாள்.

பண்ணவில்லை. ஏன் தெரியுமா? கல்யாணத்தன்று பெண்ணுக்கு ஃபோன் போட்டு "வர்றியா, இல்லையா?" என்று கேட்கிற நிலைமை வந்துவிட்டால், பதில் எதுவாக இருந்தால் என்ன? அவள் நிற்க மாட்டேன் என்றாள், நான் இருப்பேன் என்றேன். இருந்தேன். வெயில் முதுகில் ஏறியது. அன்னத்தின் கழுத்து முதலில் வளைந்தது, பிறகு தலை தொப்பென்று பீர் தொட்டியில் விழுந்தது. "வாத்து கோழியாச்சு" என்றான் டஸ்டி. ஹெதர் தன் பையிலிருந்து சாண்ட்விச் எடுத்துச் சாப்பிட்டாள். பின் வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, "கால் மரத்துப்போச்சு ட்ரெவ், கிளப் வரைக்கும் போயிட்டு வர்றோம்" என்று நழுவினார்கள். கல்யாணத்தில் கொடுப்பதற்கு வைத்திருந்த இறாலை எடுத்துக்கொண்டே போனார்கள் என்று பிறகு தெரிந்தது. கடைசியில் ஷர்லியும் எழுந்தாள். என் தோளைத் தட்டி, "விடுப்பா, உனக்கு ஐஸ் மெஷின் இருக்கு" என்றாள். அக்கா, அந்த ஒரு வார்த்தை மட்டும் குத்தியது. மற்றதெல்லாம் வெயில்தான்.

நின்றேன். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நின்றேன். வியாபாரத்தில் வாடிக்கைக்காரனுக்காகக்கூட இவ்வளவு நின்றதில்லை, வரவில்லை என்றால் ஐஸை அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவேன். இங்கே கொடுக்க அடுத்தவள் யார்? பிறகு திடீரென்று பயம் வந்தது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மாடிப்படியில் விழுந்து கிடந்தால்? நான் இங்கே மானத்தைக் கட்டிக்கொண்டு அன்னம் உருகுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறேனா? ஹெதரிடம், "நீங்க மட்டும் எங்கயும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, டஸ்டியை இழுத்துக்கொண்டு ஊருக்குள் ஓடினேன்.

சலூன் பூட்டியிருந்தது. மேலே வீட்டிலும் ஆள் இல்லை. டஸ்டி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான், யாரோ செத்த மாதிரி. நான் சலூன் கண்ணாடியில் முகத்தை அழுத்தி உள்ளே பார்த்தேன். சுவரில் அவளுடைய பூப்போட்ட பெரிய கடிகாரம். தெற்குப் பக்கத்தில் ஒவ்வொரு வருஷமும் மணி மாறும் நாள் காலையில் முதலில் முள்ளைத் தள்ளுகிறவள் கிளெனிஸ்தான். ஊரே அவள் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தன்னுடையதைத் திருத்திக்கொள்ளும். அந்தக் கடிகாரம் தள்ளப்படாமல் அப்படியே இருந்தது. மூன்றுக்கு ஐந்து நிமிஷம். என் மூன்று. மெது மணி மூன்று.

"டஸ்டி" என்றேன், "அவ என் மணிக்கு வர்றாடா."

"அப்ப நீ?"

"நான் அவ மணிக்கு வந்தேன்."

டஸ்டி வாயைப் பிளந்து பார்த்தான். பிறகு, "ரெண்டு பேரும் எவ்வளவு நல்லவங்கடா, சனியன்களா" என்றான்.

அக்கா, அடுத்து என்ன தோன்றியிருக்கும் எனக்கு? அவள் இப்போது மணல்திட்டில் வந்து இறங்குகிறாள். நான் அங்கே இல்லை. நான் வரும்போது நீ அங்க இருக்கணும் என்றாள். ஒரு மணி நேரம் அங்கே இருந்துவிட்டு, இருக்க வேண்டிய அந்த ஐந்து நிமிஷம் தெருவின் இந்தக் கோடியில் கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்கிறேன். புது ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். அறுபத்து நாலு வயது, இடுப்பு வலி, ஊர் பார்க்கிறது, கிளப் வாசலில் நம் ஆட்கள் என் இறாலை உரித்துக்கொண்டு, "ஓடுது பாரு, ஓடுது பாரு" என்கிறார்கள். "கிளம்புங்கடா, பொண்ணு வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர்களும் பின்னால் ஓடி வந்தார்கள், இறாலை விடாமல்.

அவள் படகில் வந்திருந்தாள். அவள் தம்பியின் அலுமினியப் படகைப் பூ வைத்து அலங்கரித்து, எனக்குத் தெரியாமல் முனையைச் சுற்றி. அவள் ஆட்களும் வேறு படகுகளில் பின்னால் வந்திருந்தார்கள், அதனால்தான் வழியில் யாரையும் பார்க்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வலது பக்க நாற்காலி அத்தனையும் நிறைந்திருந்தது, இடது பக்கம் மொத்தமும் காலி, அந்தக் கடற்பறவை இப்போது என் சார்பில் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் திரும்பிவிட்டது, திட்டின் ஓரம் முழுகி மேஜைக்கால்வரை வந்திருந்தது. அவள் படகு மேலே இழுக்கப்படாமல் புறப்படத் தயாராக ஆடிக்கொண்டிருந்தது. தம்பிக்காரன் கயிற்றைக் கையில் பிடித்திருந்தான். கிளெனிஸ் நீலப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேஜைக்குப் பக்கத்தில், கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

நின்றுகொண்டிருந்தாள், அக்கா. யாருக்காகவும் நிற்க மாட்டேன் என்றவள்.

"எங்க போயிருந்த?" என்றாள்.

"உன் மணிக்கு வந்தேன்" என்றேன். அதற்குமேல் மூச்சு வரவில்லை.

"நான் உன் மணிக்கு வந்தேன்" என்றாள்.

"தெரியும். உன் கடிகாரத்தப் பாத்தேன். நீ... போயிருப்பேன்னு நெனச்சேன்."

"போயிருப்பேன். படகுல ஏறிட்டேன். இவங்கதான் சொன்னாங்க" என்று ஹெதரைக் காட்டினாள்.

ஹெதர் சாண்ட்விச் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தபடி, "நான் ஒண்ணும் பெருசா சொல்லலைங்க. இந்த வாத்து நான் வந்தப்ப அன்னமா இருந்துச்சு, அது உருகி முடியிற வரைக்கும் இவர் நின்னுக்கிட்டே இருந்தாருன்னேன். அவ்வளவுதான்" என்றாள்.

கிளெனிஸ் மேஜைமேல் இருந்த ஐஸ் கட்டியைப் பார்த்தாள். அன்னமும் இல்லை, வாத்தும் இல்லை, கோழியும் இல்லை, ஒரு உருண்டை. அதன்மேல் கையை வைத்தாள். "ஒரு மணி நேரம் நின்னியா?" என்றாள். "நின்னேன்" என்றேன். "ஃபோன்கூடப் பண்ணாமயா?" "பண்ணல." "முட்டாள்" என்று சொல்லிவிட்டு அழுதாள். இந்தப் பொம்பளையைத்தான் ஷர்லி வெயிலில் நிற்க வைத்தவள் என்கிறாள்.

கல்யாணம் முழங்கால் தண்ணீரில் நடந்தது. கையெழுத்துப் போட மேஜை மிதக்கப் பார்த்தது, அதனால் என் ஐஸ் பெட்டியை நெஞ்சோடு தூக்கிப் பிடித்தான் டஸ்டி, அதன்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டோம். இரண்டு பக்க ஆட்களும் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வடக்கு தெற்கு பார்க்காமல் கலந்து நின்றார்கள். ஊர் சிரித்தது என்று சொன்னேனே, அது அப்போதுதான். நானும் சிரித்தேன். எல்லைத் தெருவில் எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் தனித்தனியாக வந்து தனித்தனியாகக் காத்திருந்த கல்யாணம் இது ஒன்றுதான். இதில் எவன் எங்கே அவமானத்தைக் கண்டான் என்று எனக்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலம் கிளப்பில் மிஞ்சின இறாலைத் தின்றுகொண்டே இரண்டு வியாபாரிகளாக உட்கார்ந்து பேசி முடித்தோம். "ட்ரெவ், மரியாததான் நம்மளக் கவுத்துது" என்றாள். "இனிமே மரியாத வேண்டாம். உன் மணி உனக்கு, என் மணி எனக்கு. யாரும் யாருக்காகவும் முள்ளத் தொடக் கூடாது."

"கை குடு" என்றேன். கொடுத்தாள். கல்யாண ஒப்பந்தத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கடைக்கு மேலே என் அறையில் ஒரு ஆளுக்கே இடம் போதாது என்பதால் நான் அவள் வீட்டுக்கு வந்துவிட்டேன், தெற்குப் பக்கம். ஆனால் மனதளவில் வடக்கத்தியான்தான், அதில் சந்தேகம் வேண்டாம். சமையலறைச் சுவரில் இரண்டு கடிகாரம் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். மீன் படம் போட்டது என்னுடையது, பூப்போட்டது அவளுடையது, சலூனிலிருந்து கொண்டுவந்தது. என்னுடையது மெது, அவளுடையது வேகம். அவள் எழுந்து டீ குடித்துவிட்டு அவள் மணிக்குப் போவாள், நான் என் மணிக்குப் போவேன், யாரும் யாரையும் கேட்பதில்லை. மூன்று வாரமாக ஐஸ் மெஷின் மாதிரி ஓடுகிறது. இரண்டு மாநில அரசாங்கமும் இத்தனை வருஷமாகத் தீர்க்க முடியாத பிரச்சினையை எங்கள் சமையலறையில் ஒரு ஆணியில், சரி, இரண்டு ஆணியில் தீர்த்துவிட்டோம். வேண்டுமானால் வந்து கற்றுக்கொண்டு போகட்டும்.

கிளெனிஸ் உன்னோடு பேச ஆசைப்படுகிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடு. உன் பெர்த் மணி எங்கள் இரண்டு மணிக்கும் பின்னால், அதனால் உன் வழக்கப்படி உன் ராச்சாப்பாட்டுக்கு அப்புறம் நினைவு வந்து நாங்கள் படுத்த பிறகு கூப்பிடாதே. பேசும்போது அவளிடம் சலூன்காரி என்று சொல்லாதே, கிளெனிஸ் என்று சொல். "அறுபத்து நாலு வயசுல ஐஸ் விக்கிறவனுக்கு எதுக்குடா கல்யாணம், ஜலதோஷம் போதாதா?" என்று என்னிடம் கேட்டதை அவளிடம் கேட்காதே. கேட்டாலும் சமாளிப்பாள், எனக்குத்தான் பயம், நீங்கள் இருவரும் சேர்ந்துகொண்டால் நான் எங்கே போவேன்? கிறிஸ்துமஸுக்கு அத்தானோடு வா. வடக்குப் பக்கமும் சாப்பாடு, தெற்குப் பக்கமும் சாப்பாடு.

உன் முழங்கால் படி ஏறவும், அத்தான் காது நல்லதை மட்டும் கேட்கவும், பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து யாரும் ஐஸ் விற்காமல் இருக்கவும், விற்றால் என்னைப் போல் விற்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் சொல் கேளாத, அதனால் நன்றாக இருக்கிற தம்பி,
ட்ரெவர்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன், இன்று செவ்வாய். ஒரு விஷயம் சேர்க்க வேண்டியிருக்கிறது. கொஞ்ச நாளாகவே கவனித்தேன், கிளெனிஸ் அவள் மணிக்கு வேலை முடிந்து வந்து, நான் என் மணிக்கு வரும்வரை என் தட்டை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் பசியில்லை என்பாள். மூடி வைத்த தட்டு எனக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்று உனக்குத் தெரியும். அதனால் இன்று காலை அவள் குளிக்கும்போது மீன் கடிகாரத்தைக் கழற்றிச் சத்தமில்லாமல் ஒரு மணி முன்னால் தள்ளி மாட்டிவிட்டு, கடைசி ஒரு மணி நேரக் கடையை டஸ்டியிடம் விட்டுவிட்டு, அவள் ஆறுக்கு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. அடுப்பு ஆறிக் கிடந்தது. சுவரைப் பார்த்தேன். மீன் கடிகாரம் ஆறு. பூக் கடிகாரம் ஐந்து. அதை யார் பின்னால் இழுத்திருப்பார்கள் என்று யோசிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கையில் மீனும் உருளை வறுவலுமாக வந்தாள். வேலைக்காரப் பெண்களிடம் சொல்லிக் கடைசி வாடிக்கையைத் தள்ளிப் போட்டு, எனக்குச் சரியாக என் ஆறுக்கு வந்தாளாம். என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "எப்ப வந்த?" என்றாள். "உன் மணிக்கு" என்றேன். பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தாள் பார், இன்னும் நிறுத்தவில்லை. ஆகவே மேலே ஒப்பந்தத்தைப் பற்றி எழுதினதை எல்லாம் அடித்துவிடு, அரசாங்கத்துக்கும் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் கூப்பிடு என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? யாருடைய ஆறு என்று மட்டும் கேட்காதே. நீ கூப்பிடு. இரண்டு பேரில் யார் காத்துக்கொண்டிருக்கிறோமோ அவர் எடுப்போம்.